ஒரே ஆண்டில் இரண்டு முறை பெயர்ந்த சனி

2023ஆம் ஆண்டில் சனிப்பெயர்ச்சி இரண்டு முறை நடந்தது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே விழா டிசம்பரில்தான். வானத்தில் இருக்கும் சனி என்னவோ ஒன்றுதான்.

எந்தத் தேதியில் பலன் சொன்னாலும் அது கட்டுக்கதைதான், அதை விட்டுவிடுவோம். கோள் எங்கே நிற்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு விடை உண்டு. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கை ஒட்டியது. அதன்படி, சனி கும்பத்தில் நுழைகிறது என்று வாக்கியம் சொன்ன நாளில், அது ஏற்கெனவே கும்பத்துக்குள் சுமார் 8 பாகை போயிருந்தது. 16 முழுநிலவுகளை வரிசையாக அடுக்கினால் வரும் அகலம் அது.

கெப்ளருக்குச் செவ்வாயின் கணக்கில் வந்த பிழை வெறும் 8 கலை. ஒரு பாகையில் 60 கலை. அதாவது, நம் பஞ்சாங்கப் பிழையில் அறுபதில் ஒரு பங்கு! வட்டப்பாதை என்பது அன்று ஐரோப்பாவில் ஏறக்குறைய வேதவாக்கு. ஆனாலும் தொலைநோக்கி இல்லாமலே டைக்கோ பிராகே அளந்து வைத்த எண்களைக் கெப்ளர் நம்பினார், வட்டத்தைக் கைவிட்டார். 1609இல் நீள்வட்டம் அச்சேறியது. கணிதம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். இருபது ஆண்டுகள் அளந்த டைக்கோவுக்கே நீள்வட்டம் புலப்படவில்லை. கணக்குப் போட்ட பிறகுதான் அது தெரிந்தது. ஆனால் கணக்கைத் தள்ளுபடி செய்யும் உரிமை கண்ணுக்கு இருந்தது.

இங்கேயும் அது நடந்திருக்கிறது. கேரளத்தின் பரமேசுவரன் சுமார் 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, 1431இல் 'திருக்கணிதம்' என்ற நூலில் பழைய கணக்கைத் திருத்தினார். திருக் என்றால் பார்வை. அவர் நம்பூதிரிப் பார்ப்பனர். பார்க்கவும் திருத்தவும் சமஸ்கிருதத்தில் எழுதவும் பிறப்பே அவருக்கு இடம் கொடுத்தது. விடிவெள்ளி பார்த்து வலை இழுத்தவர்களும் ஏர் பூட்டியவர்களும் அதே வானத்தைத்தான் பார்த்தார்கள். அவர்கள் சொல்லி எந்தப் பஞ்சாங்கம் திருத்தப்பட்டது?

2025 மார்ச் 29இல் சனி மீனத்துக்குப் போகிறது என்றது திருக்கணிதம். வாக்கியப்படி 2026இல்தான் பெயர்ச்சி என்று திருநள்ளாறு கோயில் நிர்வாகம் அறிவித்தது.