பொறுப்பில்லைன்னா, அதைத் தமிழ்ல சொல்லு!

தோழர்களே,

டோல்கேட் மெட்ரோ வாசல்ல பைக்கை நிறுத்திட்டு அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கிற தம்பியைக் கேளுங்க. எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி ஓட்டுற அண்ணனைக் கேளுங்க. ஆப்ல 'ஐ அக்ரீ'ன்னு அமுக்குனாங்களே, அதுல என்ன இருந்துச்சு? தெரியாது. தப்பு அவங்க மேல இல்ல. யாரும் படிச்சிடக் கூடாதுன்னே எழுதுனது அது!

கடைசியில ஆங்கிலத்துல, முழுக்கப் பெரிய எழுத்துல ஒரு பத்தி இருக்கும். பொறுப்பைக் கைகழுவுற வரி கண்ணுல படணும்னு அமெரிக்க வணிகச் சட்டம் சொல்லுது. அதனால வந்த பழக்கம். கண்ணுல படுது, மண்டையில ஏறல. அதோட அர்த்தம் இவ்வளவுதான்:

"இந்த ஆப் எப்படி இருக்கோ அப்படியே தர்றோம். ஒழுங்கா வேலை செய்யும்னு உத்தரவாதம் இல்ல. நஷ்டம் வந்தா நாங்க பொறுப்பில்ல."

மூணே வரி. இப்படி எழுதினா சட்ட நுணுக்கம் கெட்டுடுமாம். விளம்பரத்துல மட்டும் சென்னைத் தமிழ் சரளமா வருதே, அது எப்படி?

சட்டமே வழி காட்டியிருக்கு. கடன் வாங்குறவருக்குப் புரியுற மொழியில முக்கிய விவரத் தாள் தரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லி, 2024 அக்டோபர் 1 முதல் அது கட்டாயம். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நம்ம தரவுக்குச் சம்மதம் கேட்டா எளிய மொழியில கேட்கணும். எட்டாவது அட்டவணையின் 22 மொழியில எதுலயும் படிக்க வழி தரணும். தமிழும் அதுல உண்டு. விதிகள் 2025 நவம்பர்ல வந்தும், நிறுவனங்களுக்கு 18 மாசம் அவகாசம்!

அதுலயும் ஒரு ஓட்டை. தரவைக் கேட்கும்போது தமிழ் வேணும். "நாங்க பொறுப்பில்ல"ன்னு கைகழுவும்போது வேணாமா? வண்டி ஓட்டுறவனுக்கு அடிபட்டா, அவன் வீட்டு அடுப்பு எரியுமா எரியாதான்னு சொல்றது அந்த வரிதானே?

எளிய தமிழ்ல எழுதிட்டா அநியாயம் நியாயமாயிடாது. அது நமக்கும் தெரியும். பேரம் பேச வழியில்லாதவன் மேல திணிச்ச அநியாய நிபந்தனை செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் 1986-லயே சொல்லிடுச்சு. ஆனா நிபந்தனை என்னன்னே புரியலன்னா, எதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போறது? புரிஞ்சாத்தான் சண்டை போட முடியும்.

நம்ம கோரிக்கை ஒண்ணுதான்: தமிழ்நாட்டுல ஓடுற ஒவ்வொரு ஆப்பும், பட்டனுக்கு மேலேயே, எளிய தமிழ்ல, பொறுப்பு யாருக்குன்னு சொல்லணும். அதைச் சட்டமாக்கு!

புரியாம அமுக்குறது சம்மதம் இல்ல. பகிருங்க தோழர்களே!

#தமிழில்_சொல் #புரியும்படி_சொல்