கறுப்பு பெல்ட் காப்பாற்றுமா?

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் வந்துவிட்டால், பாண்டுப் மேற்கில் மின்கம்பம் தோறும் ஒரு விளம்பரத் தட்டி தொங்கும். கராத்தே, டேக்வாண்டோ, கிக் பாக்ஸிங், மூய் தாய், பாக்ஸிங் என்று பெயர்கள் வேறு வேறு. 'தற்காப்பு' என்ற சொல் மட்டும் எல்லாத் தட்டியிலும் உண்டு. அதன் கீழே வெள்ளை உடையில், கறுப்பு பெல்ட் கட்டி, காலை வானத்துக்குத் தூக்கிய ஒருவரின் படம்.

இவற்றைப் பார்த்துவிட்டு நம் தமிழ்க் குடும்பங்களில் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "பெண்ணை எதில் சேர்க்கலாம்?" மகள் முலுண்டில் கல்லூரிக்குப் போகிறாள், அல்லது தாதரில் வேலை முடித்துவிட்டு இரவு வண்டியில் திரும்புகிறாள். கவலை நியாயமானது. ஆனால் பல வீடுகளில் அதற்கான முடிவு, சினிமாவைப் பார்த்தோ பக்கத்து வீட்டுப் பையனின் பெல்ட் நிறத்தைப் பார்த்தோ எடுக்கப்படுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலையின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். எதிரே நிற்பவர் உண்மையாகவே அடிக்க வருகிற பயிற்சி அங்கே உண்டா என்று பாருங்கள். அது இல்லாத வகுப்பு நல்ல உடற்பயிற்சியாக இருக்கலாம். தற்காப்பு என்று அதற்குப் பெயர் சூட்டக் கூடாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

விதியும் ஓட்டையும்

ஒவ்வொரு கலையிலும் போட்டி விதி எப்படியோ, அப்படியே பழக்கம் அமைகிறது. பழக்கத்தில் எது இல்லையோ, அது ஆபத்து நேரத்தில் கை கொடுக்காது.

டேக்வாண்டோ கொரியாவின் கலை. 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து பதக்க விளையாட்டாக இருக்கிறது. அதில் முகத்தில் கையால் குத்தக் கூடாது. உடலில் விடும் குத்துக்கு ஒரு புள்ளி. தலைக்கு விடும் உதைக்கு மூன்று புள்ளி. எனவே வீரர்கள் காலில் கெட்டிக்காரர்கள். முகத்தைக் கையால் காக்கும் பழக்கம் குறைவு. தெருவில் வம்புக்கு வருகிறவன் முதலில் ஓங்குவது முகத்தை நோக்கித்தான்.

கராத்தே போட்டியில் அடியை அளவோடு நிறுத்த வேண்டும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான அதிக எடைப் பிரிவின் இறுதிப் போட்டியை நினைவுபடுத்துகிறேன். சவூதி அரேபியாவின் தாரிக் ஹமேதி விட்ட உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்ஜாதேயின் தலையில் பட்டு, அவர் நினைவிழந்து விழுந்தார். அளவு மீறி அடித்ததாக ஹமேதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மயங்கிக் கிடந்தவருக்குத் தங்கப் பதக்கம்! விளையாட்டுக்கு அந்த விதி தேவைதான். வீரர்களின் உயிரைக் காக்க வந்த விதி அது. ஆனால் தொடாமல் நிறுத்தியே பத்து வருஷம் பழகிய கை, தொட வேண்டிய நேரத்திலும் நின்றுவிடக் கூடும் என்பதை மறக்கக் கூடாது.

குத்துச்சண்டையில் உதை இல்லை, பிடி இல்லை. ஆனால் முதல் மாதத்திலிருந்தே எதிராளி உண்டு. அடி வரும்போது கண்ணை மூடாமல் இருப்பது, முகத்தைக் காப்பது, விலகி நகர்வது, அடி பட்ட பிறகும் நிலை குலையாமல் நிற்பது ஆகியவை அங்கே அன்றாடப் பாடம். தாய்லாந்தின் மூய் தாய் கலையில் இவற்றோடு முழங்கையும் முழங்காலும், கழுத்தைப் பிடித்து மல்லுக்கு நிற்பதும் சேர்கின்றன.

இந்த அடிக் கலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. இறுகக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டால் பாதி வித்தை போய்விடும். 1993-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பலவகைக் கலைஞர்களை ஒரே கூண்டில் மோதவிட்ட போட்டி நடந்தது. பிரேசிலின் ராய்ஸ் கிரேசி, ஒல்லியான மனிதர், குத்து விடுகிறவர்களைப் பிடித்து வீழ்த்திப் பட்டம் வென்றார். மகாராஷ்டிரத்தின் குஸ்தித் தாலிம்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

பெல்ட்டின் கதை

நம் நாட்டில் இந்த மோகத்தைக் கிளப்பிவிட்டது 1973-ல் வந்த 'என்டர் தி டிராகன்' படம். அதைப் பார்த்துவிட்டுக் கராத்தே வகுப்பைத் தேடி ஓடியவர்கள் அநேகம். அந்தப் படத்தின் நாயகன் புரூஸ் லீ ஹாங்காங்கில் இப் மான் என்ற ஆசானிடம் கற்றது விங் சுன் என்ற சீனக் குங்ஃபூ. கராத்தே ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுக் கலை.

கராத்தேக்கும் பெல்ட்டுக்கும் உள்ள உறவு பலர் நினைப்பது போலப் புராதனமானது அல்ல. ஒக்கினாவாவில் அங்கோ இத்தோசு என்ற ஆசிரியர் 1901 வாக்கில் இதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். கூட்டமாகப் பிள்ளைகள் வரிசையில் நின்று செய்வதற்காக எளிய அசைவுத் தொடர்களை அமைத்தார். 1922-ல் கிச்சின் ஃபுனாகோஷி கராத்தேயை டோக்கியோவில் செய்து காட்டினார். ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோ வகுத்த தரமுறையைப் பின்பற்றி 1924-ல் முதன்முதலாகக் கறுப்பு பெல்ட் வழங்கினார். மஞ்சள், பச்சை, நீலம் என்ற வண்ண வரிசை அதற்கும் பிற்பாடு பரவியது.

ஆக, நம் பிள்ளைகள் மைதானத்தில் வரிசை கட்டி நின்று காற்றில் குத்துவது, பள்ளிக்கூட உடற்பயிற்சியாக வடிவெடுத்த ஒன்று. அதில் ஒழுக்கம் வளரும், உடல் வளரும். குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் சில வகுப்புகளில் மாதக் கட்டணத்துக்கு மேல் தேர்வுக் கட்டணம், பெல்ட்டுக்குக் காசு, சான்றிதழுக்குக் காசு என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை வசூல் நடக்கிறது. ஒரு தடவை கூட எதிராளியின் கையுறை மேலே படாமல் கறுப்பு பெல்ட் வரை போன பிள்ளைகளை நம் பேட்டையிலேயே பார்க்கலாம். காசு போனால் போகட்டும். பிள்ளையின் மனத்தில் ஒரு பொய்த் தைரியம் ஏறிவிடுகிறதே, அதுதான் என் கவலை.

நம் கலைகள் என்ன ஆயின?

"நம்மிடம் இல்லாததா? சிலம்பம் இருக்கிறதே, குத்து வரிசை இருக்கிறதே" என்று பெரியவர்கள் கேட்பார்கள். குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிமுறையைச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டியவைதான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது.

ஆனாலும் அதே உரைகல்லில்தான் இதையும் உரைத்துப் பார்க்க வேண்டும். திருவிழாவுக்கு அலங்கார வரிசை மட்டும் சொல்லித் தருகிற வாத்தியாரிடம் கற்றால் அது அலங்காரம். கம்பெடுத்து எதிர்க் கம்போடு மோதவிடுகிற ஆசான் கிடைத்தால் கண்ணும் காலும் கூர்மையாகும். தவிர, வண்டியில் யாரும் கம்போடு ஏறுவதில்லை.

வட சென்னையைப் பாருங்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் ஆங்கிலேயரின் குத்துச்சண்டையைத் தம்முடையதாக்கிக் கொண்டார்கள். 2021-ல் பா. ரஞ்சித்தின் படம் அந்தக் கதையை ஊரறியச் செய்தது. 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார். குத்துச்சண்டை தமிழனுக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல முடியாது. பெண்ணுக்கு அந்நியம் என்றும் சொல்ல முடியாது. 2012-ல் மேரி கோம், டோக்கியோவில் லவ்லினா என்று இரண்டு பெண்கள் ஒலிம்பிக் வெண்கலம் கொண்டுவந்திருக்கிறார்கள். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் குத்துச்சண்டை வீராங்கனைகளுக்கு வேலையும் கிடைக்கிறது.

பெட்டிக்குள் என்ன நடக்கும்?

தற்காப்பை அது தேவைப்படும் இடத்தை வைத்து யோசிக்க வேண்டும். நம் இடம் லோக்கல் வண்டி, ஸ்டேஷன் பாலம், மழைக்காலத்தில் வழுக்கும் சந்து. கூட்ட வண்டியில் தலை உயரத்துக்குக் காலைத் தூக்க இடம் ஏது? புடவையும் சல்வாரும் செருப்புமாக அது நடக்கிற காரியமா? அங்கே உதவுவது முழங்கை, முழங்கால், உள்ளங்கையின் அடிப்பகுதி. வெறும் முஷ்டியால் மண்டையில் குத்தினால் சுண்டு விரலுக்குக் கீழுள்ள எலும்பு முறிவது சாதாரணம். கையுறையோடு பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நல்ல மாஸ்டர் உள்ளங்கை அடியையும் சேர்த்துச் சொல்லித் தருவார்.

இன்னொன்று. ஆபத்து எப்போதும் இருட்டுச் சந்தில் முன்பின் தெரியாதவனாக வருவதில்லை. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி தெரிந்தவனே என்று நம் நாட்டுக் குற்றப் பதிவேடு ஆண்டுதோறும் காட்டுகிறது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் சுமார் 900 மாணவிகளிடம் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. மொத்தம் 12 மணி நேரப் பயிற்சிதான். ஆபத்தை முன்கூட்டி அறிவது, தெரிந்தவனிடமும் தயங்காமல் மறுப்பது, குரல் கொடுப்பது, கடைசியாக அடித்து விடுபடுவது ஆகியவற்றைக் கற்றுத் தந்தார்கள். ஓராண்டில், பயிற்சி பெறாத மாணவிகளில் 9.8 சதவீதம் பேர் வன்கொடுமைக்கு ஆளாயினர். பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். ஏறக்குறைய பாதி! எந்தப் பெல்ட்டும் அங்கே கொடுக்கப்படவில்லை. குரலும் துணிச்சலும் அடியும் ஒன்றாகக் கற்பிக்கப்பட்டன.

அந்தேரி தந்த பாடம்

2011 அக்டோபர் 20 இரவு அந்தேரி அம்போலியில் நடந்ததை மும்பை மறக்காது. தங்களோடு வந்த பெண்களிடம் வம்பு செய்தவனை இரண்டு இளைஞர்கள் தட்டிக் கேட்டார்கள். போனவன் ஆட்களோடும் கத்தியோடும் திரும்பி வந்தான். ஒருவர் அன்றே உயிரிழந்தார். மற்றவர் சில நாளில் மருத்துவமனையில் இறந்தார். 2016 மே மாதம் நான்கு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அந்த இளைஞர்கள் செய்தது வீரம். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முதல் தகராறில் எதிராளி பின்வாங்கினால் வெற்றி என்று நின்றுகொண்டிருக்காதே. உடனே அந்த இடத்தை விட்டு அகன்று போ. கத்திக்கு முன் வெறுங்கை வித்தை எதுவும் உத்தரவாதம் தராது. கத்தியைப் பிடுங்கும் வித்தையை ஒரு வாரத்தில் சொல்லித் தருகிறேன் என்கிற மாஸ்டரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சட்டமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. கொலை, கொடுங்காயம், வன்கொடுமை, அமில வீச்சு போன்ற அச்சம் நேர்ந்தால், தாக்கியவன் உயிரே போனாலும் குற்றமில்லை. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. விழுந்தவனை மிதித்தால் வழக்கு நம் பிள்ளை மேல் திரும்பும்.

சேர்க்கும் முன்

பெற்றோர்களே, பணம் கட்டும் முன் ஒரு மாலை முழுவதும் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் ஜோடி ஜோடியாகக் கையுறையும் பல் காப்பும் அணிந்து ஒருவரையொருவர் எதிர்த்துப் பழகுகிறார்களா? மாஸ்டர் இடையில் நின்று வேகத்தைக் கட்டுப்படுத்துகிறாரா? பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தலையில் அடி படாமல் பார்க்கிறாரா? கத்து, ஓடு, உதவி கேள் என்பதையும் பாடமாக வைத்திருக்கிறாரா? பெல்ட் தேர்வு எத்தனை மாதத்துக்கு ஒன்று, கட்டணம் எவ்வளவு என்பதை நேராகச் சொல்கிறாரா?

இவ்வளவும் உள்ள கராத்தே வகுப்பு வீட்டருகே இருந்தால், தூரத்திலுள்ள பாக்ஸிங்குக்குப் போக வேண்டாம். எல்லாம் சமமாக இருந்தால் என் ஓட்டு குத்துச்சண்டைக்கு. அடுத்து மூய் தாய். கற்க வேண்டியது கொஞ்சம், பழகுவது அதிகம் என்பதே காரணம். கூடவே 139, 112 என்ற எண்களும் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைக்கிறோம், கோலப் போட்டி வைக்கிறோம். நல்லதே. வாரத்தில் இரண்டு மாலை ஒரு கூடத்தைப் பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, நான்கு ஜோடிக் கையுறையும் ஒரு மணல் மூட்டையும் வாங்கிப் போட்டு, அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவரை அமர்த்த முடியாதா? பாண்டுப், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று எல்லாப் பேட்டையிலும் இது முடியும். விழா மேடையில் ஒரு மாலை ஒலிபெருக்கிக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தினாலே தொடங்கிவிடலாம்.