அகல உழுவோர்

ஊர்தோறும் அத்தகையவர் ஒருவரைக் காணலாம். தமிழ்மன்றத்திற்குச் செயலாளர் அவரே. நூலகக் குழுவிற்குப் பொருளாளரும் அவரே. கையெழுத்திதழ் ஒன்று நடத்துவார். சிறுவர்க்கு மாலை வகுப்பெடுப்பார். வட்டாரத்து ஊர்ப்பெயர்களையெல்லாம் தொகுக்கத் தொடங்கியிருப்பார். அவர் நேர்மையில் ஐயமில்லை, உழைப்பிலும் குறையில்லை. ஆயினும் ஐந்தாண்டு கழித்துப் பார்க்குங்கால், இதழ் மூன்றாந் திங்களோடு நின்றிருக்கும். வகுப்பில் பாய் மட்டும் விரிந்திருக்கும். ஊர்ப்பெயர்த் தாள்கள் பரண்மேற் கிடக்கும். சோம்பலாற் கெட்ட பணிகளினும், இந்நல்லவர்களின் மிகுசுறுசுறுப்பாற் கெட்ட பணிகளே மிகுதி எனலாம்.

‘வேண்டா’ என்று சொல்ல அஞ்சுவதே இதற்கு வேர். அழைத்தவர் வருந்துவரே என்று ஏற்கின்றனர். ஏற்கும் ஒவ்வொரு பொறுப்பும் முன்னேற்ற ஒன்றின் பொழுதைத் தின்றே வளரும் என்பது அப்பொழுது தோன்றுவதில்லை.

ஆங்கிலப் பேரகரமுதலி உருவான கதை இங்கு எண்ணத்தக்கது. அதன் பதிப்பாசிரியர் சேம்சு மரே 1837-இல் இசுக்காட்டுலாந்தில் பிறந்தவர். பதினான்காம் அகவையிலேயே பள்ளியை விட்டவர். நிலநூல், நிலைத்திணைநூல், தொல்பொருள் எனப் பல துறைகளிலும் இளமையில் அவர் உள்ளம் ஓடிற்று. மொழிகளோ பல. அவரும் அகல உழுதவரே! 1879-இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டார். பத்தாண்டில் நூலை முடிப்பதாக ஏற்பாடு. அப்பொழுது அவர் மில்கில் பள்ளியில் ஆசிரியர். பள்ளி வளாகத்திலேயே இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்றெழுப்பி, உள்ளே சிறுசிறு மாடங்கள் அமைத்து, நாடெங்குமிருந்து அன்பர்கள் எழுதியனுப்பிய மேற்கோட் சீட்டுகளை அவற்றில் அடுக்கினார். பகலிற் பாடம், எஞ்சிய பொழுதிற் சொல். இவ்வாறு ஐந்தாண்டு உழைத்தபின் 1884-இல் வெளிவந்த முதற்பகுதி 352 பக்கம். எறும்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அது நின்றது. முதலெழுத்தே முடிந்தபாடில்லை. மறு ஆண்டே மரே பள்ளிப்பணியைத் துறந்து ஆக்சுபோர்டிற்குக் குடிபெயர்ந்தார். பிள்ளைகள் நிறைந்த வீட்டில், பழகிய ஊதியத்தை விடுவது எளிய செயலன்று. அதன்பின் வந்த முப்பதாண்டும் அந்நூலுக்கே உரியவாயின. 1915-இல் அவர் மறைந்தபொழுது பணி ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாம் எழுத்தில் இருந்தது. 1928-இல் நிறைவுற்ற அகரமுதலியில் ஏறத்தாழச் சரிபாதி அவர் பதிப்பித்ததே.

உள்ளம் ஒருமைப்பட்டால் மட்டும் போதும் என்பதும் பொருந்தாது; அடுப்பெரியவும் வழி வேண்டும். பாவாணர் நெடுங்காலம் பாடஞ்சொல்லி வயிறு வளர்த்துக்கொண்டே சொல்லாய்ந்தவர். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கி, அவரை அதன் இயக்குநராக அமர்த்திய 1974-இல் அவர்க்கு அகவை 72. மரே பள்ளியினின்று விடுபட்டதோ 48-ஆம் அகவையில்! 1981-இல் பாவாணர் மறைந்தார். முதல் மடலத்தின் முதற்பகுதி 1985-இல்தான் வெளிவந்தது. ஒருபணிக்கே உரிய ஒருவரை அதற்கென விடுவிக்காமல் காலந்தாழ்த்திய குற்றம் அவருடையதன்று.

எனவே, பலவற்றை ஏற்பவரை மட்டும் குறைகூறுதல் நேரிதன்று. ஐந்து பொறுப்புகளால் கூனியவரிடம் மாலையும் கையுமாக வந்து ஆறாவதைச் சுமத்துவோரும் பிழையாளரே. ‘இவரைவிட்டால் ஆளில்லை’ என்னும் புகழ்மொழி, ஒரு நல்ல தொண்டனை அழிப்பதற்கு மிக எளிய கருவி. பிற ஆள் தோன்றாமைக்கும் அதுவே ஏது. இடம் காலியானாலன்றோ இளையவர் வந்தமர்வர்?

தமக்கே இயன்ற ஒருபணியைத் தெரிந்துகொண்டவர், ஏனையவற்றை ஓசையின்றி நழுவவிடுதல் கூடாது. கணக்கேட்டையும் பேழைத் திறவுகோலையும், வரவேண்டிய பணத்தின் பட்டியலையும் அடுத்தவரிடம் முறைப்படி ஒப்படைத்தே விலகவேண்டும். அங்ஙனம் விலகினாலும், ‘கைவிட்டு ஓடினான்’ என்று சிலர் தூற்றுவர். தூற்றுவோர் அத்திறவுகோலைத் தாமே வாங்கிக்கொள்ளலாம்.