வாழ்ந்தோர்க்கு ஒரு சுவர்

“இந்தச் சின்ன வீட்டில் படம் மாட்ட இடம் எங்கே இருக்கிறது, ஐயா?” என்று பெற்றோர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். அவர் தலைக்குப் பின்னால் ஐந்து நாட்காட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மளிகைக் கடை தந்தது ஒன்று. நகைக்கடை தந்தது ஒன்று. எஞ்சியவை யார் தந்தவை என்று அவருக்கே நினைவில்லை. ஐந்தும் காட்டியது ஒரே நாளைத்தான். இடமில்லை என்பது பொய். இருந்த இடத்தைக் கடைக்காரர் விளம்பரத்திற்குக் கூலியின்றித் தாரைவார்த்துவிட்டோம் என்பதே மெய்.

மலாக்காத் தமிழர்க்கு இந்த மெய் மிகவும் சுடும். மலாயாவில் வணிக நோக்கிலான முதல் இரப்பர்ப் பயிரை டான் சாய் யான் 1896 ஆம் ஆண்டில் நட்டது இம்மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில்தான். அதன்பின் பெருகிய தோட்டங்களில் பால்மரம் வெட்டியே நம் முன்னோர் தேய்ந்தனர். அத்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. பல வீடமைப்புப் பகுதிகளாயின. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் லயத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் பல இன்று அறுநூற்றைம்பது, எழுநூறு சதுர அடி அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. கட்டில் வந்தது, அலமாரி வந்தது, தொலைக்காட்சி முதலில் வந்தது. லயத்துப் பலகைச் சுவரில் தொங்கிய தாத்தாவின் படம் மட்டும் பலர் வீட்டிற்கு வந்து சேரவில்லை.

கலை என்பது செல்வர் வீட்டுப் பொருள் என்பர் சிலர். இதனினும் பெரிய அறியாமை வேறில்லை. இரவிவர்மா 1894 ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவியபின், அரண்மனையில் அடைபட்டுக் கிடந்த ஓவியம் ஏழையின் குடிசைக்கு வந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளில் ஏறிக் கடல் கடந்தன. ஆண்டு முடிந்ததும் தேதித் தாளை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டிய எம் அன்னையர் கலை அறியாதவரா? அவர்கள் பத்துப் படங்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்தார்கள். நாமோ கொடுத்ததையெல்லாம் தொங்கவிடுகிறோம். தெரிந்தெடுத்தல் போயிற்று, கலையும் அதனோடு போயிற்று. நாட்காட்டி ஒன்று போதும், நான்கைக் கழற்றுங்கள். இடம் தானே பிறக்கும்.

படம் எதற்கு என்பதற்குப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் விடை தருகிறது. திருப்பரங்குன்றத்துக்குச் சென்றோர் அங்கு எழுதப்பட்டிருந்த ஓவியங்களைக் கண்டு, இவர் யார், இவர் யார் எனக் கேட்டனர்; அறிந்தோர் விடை கூறினர். சுவரில் உள்ள படம் கேள்வியைப் பிறப்பிக்கிறது. கேள்வி கதையைப் பிறப்பிக்கிறது. “இவர் யார், அம்மா?” என்று பிள்ளை கேட்கும் வாய்ப்பே இல்லாத வீட்டில் குடும்ப வரலாறு எவ்வாறு வளரும்? 1967 ஆம் ஆண்டில் ஆசாகான் தோட்டத் தொழிலாளர் நியாயம் கேட்டுக் கோலாலம்பூரை நோக்கி நடந்தனர். அவர்களுள் எத்தனை பேருடைய முகம் இன்று பேரப்பிள்ளைகளின் சுவரில் இருக்கிறது?

நம் அண்டை வீட்டாரைப் பாருங்கள். மலாக்கா நகரத்துப் பாபாக்களின் பழைய இல்லங்களில் மூதாதையர் உருவப்படங்கள் கூடத்தில் வீற்றிருக்கின்றன. காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள், தாய்மொழியாகத் தமிழை இழந்தும், ‘பார்ச்சு’ என்னும் மூதாதையர் படையலை இழக்கவில்லை. தமிழ் பேசும் நாம் தாத்தாவின் முகத்தை இழந்து நிற்கிறோம்.

பிறரைச் சாடும் எனக்கும் இக்குற்றத்தில் பங்குண்டு. பால்மரம் வெட்டிய என் தந்தையார் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் படக்கடைக்குச் சென்று நின்றார். இளம் ஆசிரியனாய் அடுக்குமாடி வீடு வாங்கியபோது, கூடத்தின் நடுவில் என் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழை மாட்டினேன். பக்கத்தில் பனிமலைக் காட்சி ஒன்றை விலைக்கு வாங்கி மாட்டினேன். தந்தையார் படத்தைக் குளியலறையை ஒட்டிய சுவரில், அலமாரிக்குப் பின்னால் ஒதுக்கினேன். சில ஆண்டுகள் கழித்து எடுத்தபோது ஈரம் ஏறி, பூஞ்சணம் படர்ந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தேன், முகம் கண்ணாடியோடு போயிற்று. பனியைக் கண்ணாலும் காணாத நான் பனிமலையைக் காத்தேன். என்னைப் படிக்க வைத்தவரை இழந்தேன். தாத்தா எப்படி இருப்பார் என்று என் மகள் கேட்டபோது என்னிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

ஆதலின் சொல்கிறேன். ஈரச் சுவரிலும் மாலை வெயில் படும் சுவரிலும் படம் மாட்டாதீர். கண்ணாடிக்கும் படத்திற்கும் இடையே கனத்த அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். இன்று கைப்பேசியே படி எடுத்துத் தருகிறது. படியைச் சுவரில் மாட்டி, மூலத்தைத் தாளுறையிலிட்டு உலர்ந்த இடத்தில் காத்திடுங்கள்.

இன்னொரு பிழையும் நம்மிடம் உண்டு. உயரமே மரியாதை என்றெண்ணிக் கூரையை ஒட்டிப் படத்தைச் சாய்த்து மாட்டுகிறோம். அங்கே பல்லிதான் அதைப் பார்க்கும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நிற்பவர் கண்ணுக்கு நேராக அமையும். அமர்ந்தே பார்க்கும் சிறு கூடத்தில் இன்னும் சற்றுத் தாழலாம். தெய்வத்திற்குப் பூசைமாடம் இருக்கட்டும். முன்னோர் முகம் பிள்ளையின் பார்வைக்கு எட்டட்டும். பிள்ளை காணாத முகத்திற்கு மாலை சாத்துவது மட்டும் மரியாதையாகுமா?

சிறு படங்களை வீடெங்கும் சிதறவிடாமல் ஒரே சுவரில் கூட்டுங்கள். முதலில் தரையில் பரப்பி அடுக்கிப் பாருங்கள். பெரியதை நடுவில் வைத்து, மற்றவற்றை மூன்று நான்கு விரல் இடைவெளியில் சேருங்கள். கற்சுவரில் கண்டபடி ஆணி அடித்தால் காரை பெயரும். ஒருமுறை அளந்து துளையிட்டால் நெடுநாள் நிற்கும். அக்கூட்டத்தில் ஒரு சட்டத்தை உங்கள் பிள்ளைக்கென ஒதுக்குங்கள். பள்ளியில் அவன் வரைந்து கொண்டுவரும் ஓவியம் மேசை துடைக்கும் தாளாவதைக் கண்டு கண்டு மனம் நொந்தவன் நான். மாதம் ஒன்றை அதில் மாற்றி வையுங்கள். தாத்தாவின் பக்கத்தில் தன் கைவண்ணம் தொங்குவதைக் காணும் சிறுவனுக்கு, அவன் எவர் வழிவந்தவன் என்பதை நாம் தனியே போதிக்க வேண்டியதில்லை.

வீடு சிறிது என்று நாணாதீர். இதைவிடச் சிறிய லயத்து அறையிலும் முன்னோர்க்கு இடம் இருந்தது. தோட்டம் நமதாக இருந்ததில்லை. லயமும் நமதாக இருந்ததில்லை. இந்தச் சுவராவது நமது. அதில் யார் முகம் இருக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்ய விடலாமா?