இதற்குப் பெயர் விளையாட்டா?

நம் ஊர்க் கல்வி அறக்கட்டளையின் நிர்வாகக் குழு இந்த முறை கூட்டம் போட்டு முடிவெடுத்திருக்கிறது. அந்த அளவில் முன்னேற்றம்தான். முடிவு என்ன என்பது வாசகர்களுக்குத் தெரியும். நடுநிலைப் பள்ளி மாடியில் ஆறு ஆண்டுகளாக இருந்துவந்த விளையாட்டு அறை இனி கிடையாது. அதற்குப் பதிலாக வாரம் இரண்டு பீரியட், டேப்லெட்டில் ஒரு செயலி. பெற்றோருக்கு வந்த சுற்றறிக்கை இதை விளையாட்டு வழிக் கற்றலின் அடுத்த கட்டம் என்கிறது. அறையை ஏன் மூடினீர்கள் என்று கேட்கப்போன பெற்றோருக்குக் கிடைத்த பதிலோ வேறு: அங்கே பிள்ளைகள் விளையாடிக்கொண்டுதானே இருந்தார்கள்!

அந்த அறையில் பெரிதாக ஒன்றும் இல்லைதான். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர் வீடு வீடாகக் கேட்டு வாங்கிவந்த பல்லாங்குழிப் பலகைகள், சோழி, தாயக்கட்டை, அட்டைப்பெட்டியில் செய்த வாக்குப்பெட்டி, கள்ள நோட்டு என்று பிள்ளைகளே சிரிக்கும் காகிதப் பணம். தரையில் ஆடு புலி ஆட்டத்துக்கான கோடுகள். நாமும் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஏரி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சாக்பீஸால் ஒரு ஏரி, ஒரு வாய்க்கால், அதன் நெடுக ஐந்து ஊர்கள். ஏரியில் 50 புளியங்கொட்டை, அதுதான் தண்ணீர். 12 கொட்டை கிடைத்த ஊருக்கு முழு விளைச்சல், எட்டு கிடைத்தால் பாதி, அதற்கும் குறைந்தால் சாவி. தலைமடை ஊர் முதலில் அள்ளும். முதல் ஆட்டத்தில் நான்கு ஊர்களும் ஆளுக்குப் பன்னிரண்டாக அள்ளிவிட, கடைமடைக்கு இரண்டு கொட்டை மிஞ்சியது. கடைமடைப் பையன் எழுந்து நின்று சண்டை போட்டான். அடுத்த ஆட்டத்தில் இடம் மாறி அவனே தலைமடைக்கு வந்தான். வந்ததும் அவனும் பன்னிரண்டை அள்ளினான் என்பதுதான் வேடிக்கை. மூன்றாவது ஆட்டத்தில் ஒரு சிறுமி, ஆளாளுக்கு அள்ள வேண்டாம், எந்த ஊரும் இல்லாத ஒருவர் அளந்து கொடுக்கட்டும் என்றாள். அந்த வேலைக்கு நம் பக்கத்தில் நீர்பாய்ச்சி என்று பெயர் உண்டு என்று ஆசிரியை அப்போதுதான் சொன்னார். சமூக அறிவியல் புத்தகத்தில் இரண்டு பத்தியில் கடந்துபோகும் விஷயத்தை அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். அந்த 45 நிமிடத்தில் யாருக்கும் ஒரு மதிப்பெண்கூடப் போடப்படவில்லை.

இப்போது வந்திருக்கும் செயலியைப் பார்ப்போம். ஒரு கேள்வி, நான்கு விடை. சரியான விடையைத் தொட்டால் திரையில் தங்கக் காசு கொட்டுகிறது. தவறாகத் தொட்டால் ஒரு கார்ட்டூன் குரங்கு தலையில் அடித்துக்கொள்கிறது. விரைவாகத் தொட்டால் கூடுதல் காசு. காசு சேர்ந்தால் பட்டம், பட்டம் சேர்ந்தால் தரவரிசையில் உயர்வு. குரங்கையும் காசையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது எதுவென்று நமக்கெல்லாம் தெரியும். ஒரு மதிப்பெண் வினாத்தாள். வேப்பங்கொழுந்துக்குச் சர்க்கரை தூவிவிட்டு அதிரசம் என்று இலையில் வைத்திருக்கிறார்கள்.

விளையாட்டு எதைக் கற்றுத்தரும் என்பது அதன் ஆட்ட விதியில் இருக்கிறது, அதன் மேல் ஒட்டும் ஜிகினாவில் இல்லை. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவில் ஏழை வீட்டு மழலைகளோடு நம் பரமபதத்துக்குத் தங்கை போன்ற ஓர் ஆட்டம் ஆடினார்கள். ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை எண் எழுதிய கட்டங்கள். இரண்டு வாரத்தில் நான்கு முறை, முறைக்குக் கால் மணி நேரம். அவ்வளவுக்கே எந்த எண் பெரிது, எண்வரிசையில் எது எங்கே இருக்கும் என்ற அறிவு கூடியது. அதே பலகையில் எண்ணுக்குப் பதில் வண்ணம் பூசி ஆடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுவரை யோசித்துச் செய்ய வேண்டிய வேலை இது. செயலியின் விற்பனையாளர் மடிக்கணினியைத் திறந்து காட்டிய 20 படங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை இல்லை.

நாம் கணினிக்கு விரோதி என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் பேசியதாகக் கேள்விப்பட்டோம். பொல்லாத பேச்சு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' திட்டத்தின் பாவனைச் சோதனைகள் உலகம் முழுக்கப் பள்ளிகளில் ஓடுகின்றன. அதில் மின்சுற்று அமைக்கும் சோதனை ஒன்று உண்டு. பேட்டரியின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் பேட்டரி தீப்பற்றி எரியும். பிள்ளைகள் முதலில் செய்வதே அதைத்தான். பிறகுதான் ஏன் எரிந்தது என்று கேட்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே நடந்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், நிஜப் பல்பும் கம்பியும் வைத்துப் பயின்ற மாணவர்களைவிட இந்தத் திரையில் பயின்றவர்கள் பின்னர் நிஜச் சுற்றை அமைப்பதிலும் விளக்குவதிலும் மேலாக இருந்தார்கள். இந்த ஃபெட்டுக்குக் கட்டணம் ஏதும் இல்லை. நம் உயர்நிலைப் பள்ளிக் கணினி அறையில் தூசி படிந்து நிற்கும் கணினிகளே போதும். கட்டணம் இல்லாததுதான் அதன் குறை போலும். அதை விற்க யாரும் கோட்டு மாட்டிக்கொண்டு வர மாட்டார்கள்.

இருக்கட்டும். செயலியை வாங்கியதைக்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது அந்தத் தரவரிசை.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அது வருகிறது. வகுப்புவாரியாக, முதலிடம் தொடங்கிக் கடைசி இடம்வரை, பெயரோடு. வாட்ஸ்அப்பில் பெற்றோர் குழுவுக்கு ஒரு பிரதி, திங்கள் காலை அறிவிப்புப் பலகைக்கு ஒரு பிரதி. மதிப்பெண் பட்டியலையாவது ஆண்டுக்கு மூன்று முறைதான் தருகிறோம். இது வாரம் ஒன்று. ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி தொடர்ந்து நான்கு வாரம் கடைசியில் இருந்தாள். அவள் படிப்பில் மட்டம் இல்லை. கேள்வியை முழுதாகப் படித்துவிட்டுத்தான் விடையைத் தொடுவாள்; விரைவுக்கான காசு அவளுக்குக் கிடைப்பதே இல்லை. நிதானமாகப் படி என்று பத்து வருடமாக நாம் பிள்ளைகளிடம் கெஞ்சுவதைச் செயலி பத்து நிமிடத்தில் தவறாக்கிவிட்டது. ஐந்தாவது வாரம் அவளும் படிக்காமல் தொடக் கற்றுக்கொண்டாள். தரவரிசையில் ஏழு இடம் ஏறினாள். வகுப்பாசிரியர் பாராட்டினார்.

முதல் பத்து இடங்களின் கதை இன்னும் அழகு. வீட்டில் அண்ணன் ஆடுகிறான், அக்கா ஆடுகிறாள், ஒரு வீட்டில் அப்பாவே இரவு பதினொரு மணிவரை ஏழாம் வகுப்புப் பின்னங்களைப் போட்டுக் காசு சேர்ப்பதாகக் கேள்வி. அவருக்குப் பின்னம் நன்றாக வந்துவிட்டது. மகனுக்கு வந்ததா என்பது தெரியவில்லை. பெற்றோர் குழுவில் வெள்ளி இரவு நடக்கும் வாழ்த்துப் பரிமாற்றமும் அதற்குள் ஒளிந்திருக்கும் குத்தலும் ஒரு தனிக் காவியம். கடைசி ஐந்து இடத்துப் பிள்ளைகளின் பெற்றோரில் இருவர் குழுவிலிருந்தே விலகிவிட்டார்கள். இதைத்தான் சுற்றறிக்கை பெற்றோர் ஈடுபாடு அதிகரித்திருப்பதாகச் சொல்கிறது.

பரிசு காட்டினால் பிள்ளை படிக்கும் என்ற நம்பிக்கைக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மறுப்பு வந்தாயிற்று. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், படம் வரைய ஆசைப்படும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். வரைந்தார்கள், சான்றிதழும் தரப்பட்டது. ஒன்றிரண்டு வாரம் கழித்து ஓய்வு நேரத்தில் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியே வரைந்தார்கள். ஆசையாய்ச் செய்தது கூலி வேலையாகிவிட்டது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் தந்த பிள்ளைகளுக்கு இந்தக் கேடு நேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நம் செயலியோ கேள்விக்கு மேலேயே காசின் எண்ணிக்கையைக் காட்டிவிட்டுத்தான் கேள்வியைக் காட்டுகிறது.

விளையாட்டின் முதல் சலுகையே அதில் தோற்கலாம் என்பதுதான். ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், அந்தக் கருவியின் துருத்தி நுட்பத்தை வைத்தே 1929-ல் தரையில் ஆடும் ஒரு பாவனை விமானத்தைச் செய்தார். உள்ளே உட்கார்ந்து எத்தனை முறை விழுந்தாலும் எழுந்து வெளியே வரலாம். அமெரிக்க ராணுவம் அதைச் சீந்தவில்லை. 1934-ல் தபால் சுமந்து மோசமான வானிலையில் பறந்த ராணுவ விமானிகள் பலர் இறந்த பிறகுதான் வாங்கினார்கள். பாவனைக் கருவி எதற்காக என்பது அன்றே விளங்கிவிட்டது: நிஜத்தில் விழாமல் இருக்க இங்கே விழுந்து பழகுவது. இங்கே விழுந்ததை வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஊருக்கே அறிவித்தால் எந்தப் பிள்ளை விழத் துணியும்?

இந்த நிர்வாகக் குழுவிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பதே தவறோ என்றும் தோன்றுகிறது. சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தபோது, இவர்களுடைய அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. கற்றல் ஏணி, அட்டைகள், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, மேலே கம்பிப் பந்தல். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் பல ஆண்டு பாடுபட்டு உருவான முறையிலிருந்து கிளைத்தது. அதில் குறைகள் உண்டு. ஆசிரியர்கள் அன்றே சொன்னார்கள். ஆனால் நம் நிர்வாகத்துக்கு வந்த குறை வேறு. பார்வையிட வந்த குழு உறுப்பினர் ஒருவர், தரையில் அட்டையோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் சீட்டாட்டமா என்று கேட்டார். அந்தச் சொல் பத்து வருடம் இந்த ஊரில் ஓடியது. அதே உறுப்பினர்தான் இப்போது விளையாட்டு வழிக் கற்றலின் அடுத்த கட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

அதற்கடுத்து ஸ்மார்ட் போர்டு. நான்கு வகுப்பறையில் மாட்டினார்கள். தொடுதிரைப் பேனா ஒரு வருடத்தில் தொலைந்தது. இன்று அதில் அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். பிறகு ரோபோ செய்யும் பெட்டிகள். ஆண்டுவிழாவில் மேடையேறிய அவை அன்றிரவே கண்ணாடி பீரோவுக்குள் போயின. ஸ்டாக் ரெஜிஸ்டரில் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் கைக்காசு கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டதால், திறக்க ஒருவருக்கும் துணிவில்லை. திறப்பு விழாப் புகைப்படம் மட்டும் அலுவலகச் சுவரில் ஒன்றன் கீழ் ஒன்றாக வளர்ந்துகொண்டே போகிறது. புளியங்கொட்டைக்கு ஸ்டாக் ரெஜிஸ்டர் கிடையாது. அதனால்தான் அந்த ஓர் அறை மட்டும் ஆறு வருடம் உயிரோடு இருந்தது.

நிர்வாகம் சொல்லும் சமாதானம் இரண்டு. தேசியக் கல்விக் கொள்கையே விளையாட்டு வழிக் கல்வியைச் சொல்கிறதாம். அந்தக் கொள்கையோடு தமிழ்நாட்டுக்குள்ள வழக்கு வேறு. அதை இங்கே இழுக்க வேண்டாம். 2020-ல் வந்த அந்த ஆவணம்கூட ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பெயரைக் கடைசியில் போட்டுப் பலகையில் ஒட்டச் சொல்லவில்லை. இரண்டாவது சமாதானம், பக்கத்து ஊர்ப் பள்ளியும் வாங்கிவிட்டது என்பது. இதற்குப் பதில் எழுத நமக்குப் பொறுமை இல்லை.

கட்டணச் சீட்டில் செயலிக்கென்று புதிதாக முளைத்திருக்கும் ஒரு வரியைப் பற்றியும் கணக்கு கேட்க வேண்டியிருக்கிறது. எந்த அடிப்படையில் இந்தச் செயலி தேர்வானது, வேறு எவை பரிசீலிக்கப்பட்டன, ஒரு வகுப்பிலாவது சோதித்துப் பார்த்தார்களா, ஆசிரியர்களில் ஒருவரிடமாவது கேட்டார்களா? கேட்கவில்லை என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பெயர் சொல்லாமல்தான் சொல்கிறார்கள்.

பெற்றோர், ஆசிரியர், நிர்வாகம் மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசி இதற்கு ஒரு நல்ல வழி காண வேண்டும். தரவரிசை உடனே நிற்க வேண்டும். செயலியின் கதியை அதற்குப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். அதுவரை, மாடி அறையின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையாவது நிர்வாகக் குழு சொல்ல வேண்டும். காவலாளியிடம் கேட்டால் அலுவலகத்தில் என்கிறார். அலுவலகத்தில் கேட்டால் காவலாளியிடம் என்கிறார்கள்.