இருக்கும் ஊரின் மண்

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்தவர்கள், கைத்தொழிலையும் அங்கேயே விட்டு வந்ததுண்டு. மரம் செதுக்கியவர், சுதை வேலை அறிந்தவர், கொலுப் பொம்மை செய்தவர் எனப் பலர் நம் சங்கக் குடும்பங்களில் இருக்கின்றனர். “மீண்டும் செய்யலாகாதா?” என்று கேட்டால், “அந்த மண் இங்கே ஏது?” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அவ்விடையைப் பற்றி இத்திங்கள் சிறிது சிந்திப்போம்.

வங்காளத்தில் வாழும் நமக்கு நல்லதொரு சான்று அருகிலேயே உள்ளது. போல்பூர் நிலையத்தில் இறங்கிச் சாந்திநிகேதனம் செல்லும் அன்பர்கள், ராம்கிங்கர் பைஜ் சமைத்த ‘சாந்தால் குடும்பம்’ என்னும் சிற்பத்தைக் காணாமல் திரும்பலாகாது. 1906-இல் பாங்குராவில் பிறந்த அவர், 1925-இல் கலாபவனத்தில் மாணவராகச் சேர்ந்தார். வெண்கலம் வார்க்கவும் கல் வாங்கவும் பெரும்பொருள் வேண்டும். காலடியில் கிடந்ததோ செம்பூராங்கற் சரளை. அதைச் சிமெண்டுடன் குழைத்து, இரும்புக் கம்பிக் கூட்டின்மேல் அப்பி உருவாக்கினார். 1938-இல் முடிந்த அச்சிற்பத்தில், ஒருவன் தோளிற் காவடி சுமந்து நடக்கிறான். காவடிக் கூடையில் ஒரு குழந்தை. உடன் வரும் மனைவியின் தலையில் கூடை, இடுப்பில் மற்றொரு குழந்தை. நாயும் கூடவே வருகிறது. இடம்பெயரும் அக்குடும்பத்தின் மேனி வழவழப்பாக இல்லை. சரளையின் கரடு அப்படியே தெரிகிறது. நடந்து களைத்தவர்களுக்கு அம்மேனியே பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அதே கலாபவனத்து ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜி பின்னாளில் முற்றும் பார்வை இழந்தார். எனினும் அவர் கலையை விட்டாரில்லை. விரல்களால் தடவிச் சிறு உருவங்கள் செய்தார்; வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டினார்; 1972-இல் ஓடுகளால் பெரியதொரு சுவர்ச்சித்திரமும் அமைத்தார்.

பெரியோர் செயல் நமக்கு எட்டுமோ என்று ஐயுறுவோர் கரக்பூரில் நம் குடியிருப்பில் வாழும் பெரியவர் ஒருவரைப் பார்க்கலாம். மதுரையை அடுத்த விளாச்சேரியில் தந்தையிடம் பொம்மைத் தொழில் பயின்றவர். ரெயில்வே பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். இடையில் ஒரு நாளும் மண்ணைத் தொட்டதில்லை. ஊரிலிருந்து வந்த செட்டியார் பொம்மை வழியில் உடைந்துபோகவே, பேத்தி, “தாத்தா, நீங்களே செய்து கொடுங்களேன்!” என்றாள்.

இங்குள்ள செம்மண்ணைப் பிசைந்தார், பிடிப்பின்றி உதிர்ந்தது. காங்சாபதி ஆற்று வண்டலைக் கொணர்ந்தார், காய்ந்ததும் வெடித்தது. கையோ நடுங்கியது. “இந்த வயதில் எதற்கு மாமா இந்தச் சிரமம்?” என்றாள் மருமகள். அவர் விடவில்லை. துர்க்கை பூஜைக்குப் பந்தலில் உருவம் சமைக்க வந்த தொழிலாளியின் அருகே நான்கு மாலை வேளைகள் அமர்ந்து பார்த்தார். வைக்கோற் கட்டின்மேல் உமி கலந்த ஒட்டுமண்ணை அப்புவதையும், வெடித்த இடங்களில் மண்குழம்பில் தோய்த்த துணித்துண்டை ஒட்டுவதையும் கண்டார். அரைகுறை வங்காளியில், “தம்பி, நாருக்கு என்ன போடுகிறாய்?” என்று வினவினார். “சணல்தான், தாதா” என்று அவன் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தான். வெள்ளை பூசும் சுண்ணத்தில் புளியங்கொட்டைப் பசை சேர்ப்பதைக் கண்டதும், “எங்கள் அப்பாவும் இதைத்தான் காய்ச்சுவார்” என்று பெரியவர் மகிழ்ந்தார்.

நவராத்திரிக்குச் செட்டியார் படியேறிவிட்டார். ஆயினும் அவர் கண்கள் வங்காளத்துத் துர்க்கையின் கண்களைப் போல நீண்டிருந்தன. “நம் ஊர் முகம் மாறிவிட்டதே!” என்று மருமகள் வருந்தினாள். பெரியவர் சற்றுநேரம் பொம்மையையே நோக்கியிருந்து, “ஆமாம், மாறித்தான் இருக்கிறது. இங்கே பிறந்தவர்தானே இவர்? இருக்கட்டும் அம்மா” என்றார்.

இங்கே பிறந்த பேத்தி அருகில் நின்றிருந்தாள். ஊரின் முகம் நம்மோடு மறைந்துவிடுமோ என்னும் அச்சம் நம் இல்லங்கள் அனைத்திலும் உண்டு. அச்சத்தால் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் முகம் முழுவதுமே மறையும். இருக்கும் ஊரின் மண்ணைக் கேட்டறிந்து செய்தால், சிறிது மாறியேனும் நிலைக்கும்.

தொடங்க விரும்புவோர் முதலில் கைப்பிடி அளவு மண்ணெடுத்து நிழலில் உலர்த்திப் பார்க்க. வெடித்தால் நாரோ காகிதக் கூழோ சேர்க்க. பக்கத்துத் தெருக் குயவரிடம் கேட்க வெட்கம் வேண்டா. வரும் நவராத்திரியில் சங்கக் கொலுவில் ஒரு படியை வீட்டிற் செய்த பொம்மைகளுக்கென ஒதுக்குமாறு நிர்வாகிகளை வேண்டியுள்ளோம். அப்படியை நிரப்ப அன்பர்கள் முன்வருவார்களாக!