உடன் நடப்பவரின் கடமை

சுந்தரபாண்டியத்தில் நின்று மேற்கே நோக்கினால், மேற்குத் தொடர்ச்சி மலை மதிலென எழுந்து நிற்கும். தாணிப்பாறை வழியே சதுரகிரி ஏறி இறங்கியவரைக் கேளுங்கள். மறுநாள் முழங்கால் பட்ட பாட்டைச் சொல்வார். ஒரு மலைக்கே இப்பாடு என்றால், ஒரு பகலும் ஓர் இரவும் முடிவதற்குள் 42 சிகரங்களை ஓடிக் கடந்தவரை என்னென்பது!

இங்கிலாந்தின் கெசிக் நகரில் விருந்தினர் விடுதி நடத்திவந்த பாப் கிரகாம் என்பவர் 1932ஆம் ஆண்டு ஜூன் 13, 14 தேதிகளில் இதைச் செய்து முடித்தார். வழியோ நூறு கிலோமீட்டருக்கு மேல். ஏறிய ஏற்றங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 8,000 மீட்டர். ஆன நேரம் 23 மணி 39 நிமிடம். ஆயினும் அவர் தனியே ஓடவில்லை. நண்பர்கள் முறைவைத்து உடன் சென்றனர். 1971இல் அவர் பெயரால் ஒரு சங்கம் தோன்றியது. அவ்வழியை 24 மணி நேரத்திற்குள் முடிப்பவரே அதில் உறுப்பினராகலாம். ஒவ்வொரு சிகரத்திலும் சாட்சியாக ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதும் அதன் விதி.

உடன் செல்பவர் உணவும் நீரும் சுமக்கிறார், இருளில் வழி காண்கிறார், நேரம் குறிக்கிறார், வேண்டாம் என்பவரையும் உண்ணச் செய்கிறார். புகழ் மட்டும் ஓடியவருக்கே.

இதைப் படித்தபோது நாம் சென்ற ஒரு பயணம் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சுந்தரபாண்டியத்து நண்பர் ஒருவர், வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். “அண்ணே, அவருக்குச் சர்க்கரை வியாதி. நீங்களும் கூடப் போனால்தான் எனக்கு நிம்மதி” என்றார் அவருடைய மனைவி. நாமும் இசைந்தோம்.

உற்சாகமூட்டுவதாக எண்ணி, நாள்தோறும் நாம் முன்னே விரைந்தோம். அவர் நம் வேகத்திற்கு ஈடுகொடுக்கப் பின்னே உழைத்து வந்தார். புதுக்கோட்டையைத் தாண்டிய அன்று மாலை, கால் கழுவும்போதுதான் கண்டோம்: உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து புண்ணாகிச் சிவந்திருந்தது. அவருக்கோ வலியே தெரியவில்லை. நாட்பட்ட சர்க்கரை நோயில் பாதம் உணர்ச்சி குன்றும். வலியாத புண்ணே ஆபத்தான புண். நாம் கிலோமீட்டர் கற்களைப் பார்த்தோமேயன்றி அவர் காலைப் பார்க்கவில்லை.

“நடை இத்துடன் போதும், நாளை மருத்துவரிடம் போவோம்” என்றோம். “நேர்ந்ததை முடிக்காமல் மாதா முகத்தில் எப்படி விழிப்பேன்?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். இரவு முழுதும் பேச்சில்லை. காலையில் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நம்முடன் வந்தார். மருத்துவரும் நடக்கலாகாது என்றார். எஞ்சிய வழியைப் பேருந்தில் கடந்தோம். வேளாங்கண்ணியில் பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவானவரிடம் நண்பர் தம் குறையைச் சொல்லி அழுதாராம். “மாதா உம் காலையா கேட்டாள்?” என்றாராம் குருவானவர். நண்பர் இன்றும் நடமாடுகிறார்.

அமலேக்கியருடன் நடந்த போரில் மோசேயின் கைகள் தளர்ந்தன. ஆரோனும் கூரும் முதலில் அவர் அமரக் கல் ஒன்றைக் கொணர்ந்தனர். பின்னரே கைகளைத் தாங்கினர். தளர்ச்சியைக் கண்டறிந்த பின்பே தாங்கினர் என்பதைக் கவனியுங்கள். சிரேன் ஊர்ச் சீமோன் வழியில் பேசிய ஒரு சொல்லும் நற்செய்தியில் இல்லை. அவர் சுமந்தார், அவ்வளவே.

ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8 திருநாள். நடந்து செல்வோருக்கு மோர் வழங்குவது நன்று. கூடவே வெந்நீர் கொடுத்துப் பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இருளில் நடப்போரிடம் விளக்கொன்று இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மலையேறாமலே மலையேறுவோரும் நம் பங்கில் உண்டு. படுக்கையிலிருக்கும் மாமியாரைப் பல ஆண்டுகளாகப் பேணும் மருமகள், கடனோடு போராடும் குடும்பத்தலைவர், துணையை இழந்த முதியவர். “தைரியமாயிருங்கள்” என்று முன்னே நின்று கூறுவது எளிது. அவர்களுடைய நடைக்கு நம் நடையைக் குறைத்து, வலி தெரியாத புண் எங்கே என்று பார்ப்பதே கடினம். இந்த மாதம் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அப்படி ஒருவருடனாவது சிறிது தூரம் நடக்கட்டும்.